பனித்தட்டில் வைத்த திருஷ்டிப் பொட்டு

…கதவைத் திறந்தது உன்னோடு வேலை செய்கிற அந்தப் பெண்தான் என்று மூன்று பேருக்குத் தெரியுமாம், அவள் மட்டும் "நான் இல்லவே இல்ல" என்று சாதிக்கிறாளாம். சரிதானே ராணி? பக்கத்து வீட்டிலேயே இருக்கிறேன், உன் கம்பெனிச் சங்கதியைக் கீரைக்காரி சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. குளிர் அறையில் சாமானை வைத்துச் சோதித்துக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்தால் உள்ளே இருக்கிற குளிரெல்லாம் போய்விடாதா? அவள் பயந்துதான் பொய் சொல்லியிருப்பாள். அவளைத் திட்டாதே. உன்னோடு வேலைக்குச் சேர்ந்த அந்த இரண்டு பெண்களையும் அவளையும் கூட்டிக்கொண்டு வா என்று அதற்குத்தான் சொன்னேன். வந்துவிட்டீர்கள். உட்காருங்கள். அந்தப் பாயில் உட்காராதே, மிளகாய் காய்கிறது.

நானும் உங்கள் வேலைதான் செய்தேன். முப்பது வருஷத்துக்குக் குறையாமல் ஆய்வுக்கூடத்தில் உதவியாள். எழுத்து ஒன்றும் தெரியாது, ஆனால் என் கை தொடாமல் அங்கே ஒரு சோதனையும் நடந்ததில்லை. ராணி, இதை எழுதப்போவதாகச் சொன்னாய். என் பேச்சை நேராக்கி எழுதிக்கொள், பரவாயில்லை. எனக்கு வேலை கொடுத்த ஐயா பேசியதையும், கூட வேலை செய்த திம்மராயன் பேசியதையும் மட்டும் அப்படியே விட்டுவிடு. அவர்கள் குரல் மாறினால் எனக்குப் பிடிக்காது.

ஐம்பதுகளில் நடந்தது. செவ்வாய் பூமிக்கு ரொம்பக் கிட்டத்தில் வந்த வருஷம். எங்கள் பக்கத்தில் அதைப் பற்றி ஒரே பேச்சு. கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு, கிணறு வெட்டுவதை நிறுத்தியவர்கள் உண்டு. அந்த நேரம் பார்த்துக் குருபரப்பள்ளிக்கும் சூளகிரிக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து கடலைக்காட்டைத் தாண்டிப் போனால் வருகிற மேட்டில், ஒரு ஓட்டு பங்களாவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, செவ்வாயை ஆராயப்போகிறேன் என்று ஐயா வந்து இறங்கினார். மைசூர்ப் பக்கத்து ஆள். ஒல்லியாக, வேட்டி மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு இருப்பார். கன்னடம் கலந்த தமிழ் பேசுவார், 'இருக்கு' என்பதை 'இதெ' என்பார். கோபம் வந்தால் முழுக் கன்னடம்.

அவர் எனக்குக் கொடுத்த வேலை ஐஸ் சீவுவது. பெங்களூரிலிருந்து லாரியில் மரத்தூள் போட்ட சாக்கில் சுற்றி ஐஸ்பாளம் வரும். ஆசாரியிடம் வாங்கிய இழைப்புளியால் அதை நான் சீவிச் சீவி, கல்யாணச் சாப்பாட்டுக்குச் சோறு கொட்டுகிற மாதிரி பெரிய தாம்பாளத்தில் பரப்ப வேண்டும். ஐயா அதைப் பனி என்பார். எனக்கு அது ஐஸ் துருவல்தான். தேங்காய்த் துருவலைவிட வெள்ளை. வெயிலில் வைத்தால் கண் கூசும்.

"செவ்வாய்க்கும் இதுக்கும் என்னாங்கய்யா?" என்று முதல் நாளே கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"செவ்வாய் தலெ மேலெ வெள்ளெயா ஒரு தொப்பி இதெம்மா. தூரதர்சினில, தூரத்தெ கிட்டெ காட்டற கொழாய்ல, பாத்தா தெரியும். அது பனியா, உப்பா, வெறும் மூட்டமா, யாருக்கும் நிச்சயம் இல்லெ. அங்கெ போய்த் தொட்டுப் பாக்க முடியாது. அதனாலெ இங்கெ நாம பனி பண்ணி, வெயில் பட்டா எவ்வளவு வெளிச்சம் திருப்பிக் கொடுக்குது, எவ்வளவு சூடு கொடுக்குதுன்னு அளக்கறோம். அப்புறம் அதுக்கும் இதுக்கும் ஜோடி பாக்கறது."

"ஜாதகம் பாக்கற மாதிரி."

"அதே, அதே!" என்று கையைத் தட்டிச் சிரித்தார்.

ஐஸ் சூடு கொடுக்கும் என்றாரே, அது எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. ஐஸுக்குப் பக்கத்தில் கன்னத்தைக் கொண்டுபோனால் சில்லென்று இருக்கிறதே, அது குளிரைத்தானே வீசுகிறது? இல்லையாம். குளிர் என்று வீசுவதற்கு ஒன்றும் கிடையாதாம். என் கன்னமும் சூட்டை வீசுகிறது, ஐஸும் சூட்டை வீசுகிறது. நான் நிறையக் கொடுக்கிறேன், அது கொஞ்சமாகக் கொடுக்கிறது, அந்த நஷ்டம்தான் சில்லென்று இருப்பது. உலகத்தில் சூடு கொடுக்காத பொருளே இல்லை என்றார். செவ்வாயின் தொப்பிகூட நம்மை நோக்கி இத்துனூண்டு சூடு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறதாம். அன்றைக்கு வீட்டுக்குப் போய் எங்கள் வீட்டு அம்மிக்கல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர், "உனுக்கு என்னாடி ஆச்சி?" என்றார்.

இன்னொரு அதிசயமும் சொன்னார். பனி கண்ணுக்குத்தான் வெள்ளை. சூட்டு விஷயத்தில் அது கரிக்கட்டை மாதிரிக் கறுப்பு. வெளிச்சத்தை வேண்டாம் என்று திருப்பி அனுப்பும், சூட்டை மட்டும் கரி எவ்வளவு தாராளமாகக் கொடுக்குமோ அவ்வளவு தாராளமாகக் கொடுக்கும். மனிதர்களிலும் அப்படி இருக்கிறார்களே என்றேன். அதற்கும் சிரித்தார்.

திம்மராயனைச் சொல்ல மறந்துவிட்டேன் பார். வேப்பனப்பள்ளிக்காரன். முப்பது வயது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை, ஜாதகத்தில் செவ்வாய் தோஷம். அவனைப் போய்ச் செவ்வாய்க்கு வேலை பார்க்க வைத்தது யார் என்று நான் தினமும் கிண்டல் செய்வேன். அவனுக்கு அங்கே அளக்கிற கருவியைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஒரு பித்தளைக் குழாய், அதன் வாயில் சாய்த்து வைத்த கண்ணாடி. கண்ணாடி கீழே தாம்பாளத்தைப் பார்க்கும். அங்கிருந்து கம்பி கொட்டகைக்குள் போகும், உள்ளே இருட்டில் ஒரு முள் ஆடும். வெளிச்சத்தை விட்டுச் சூட்டை மட்டும் தடுக்கிற ஒரு மூடியைப் போட்டால் முள் வெளிச்சத்தைச் சொல்லும். மூடியை எடுத்துவிட்டு, தாம்பாளத்துக்கு நான் குடை பிடித்து நிழல் போட்டால், சூட்டைச் சொல்லும். சூடு பார்க்கும்போது முள் எதிர்ப்பக்கம் போகும். குழாய் கொடுக்கிற சூட்டுக்கு ஐஸ் திருப்பிக் கொடுப்பது குறைச்சல், அதனால் என்று திம்மராயன் எனக்கு விளக்குவான். நெடுஞ்சாலையில் லாரி போனால் புழுதி பறந்து வரும், உடனே ஓடிப்போய் இலவம்பஞ்சால் கண்ணாடியை ஒற்றி எடுப்பான். துடைக்கக் கூடாது, கீறல் விழும், ஒற்ற வேண்டும். பெற்ற பிள்ளையின் கண்ணைத் துடைப்பதுபோல் ஒற்றுவான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஊர்ப் பெண்கள் பனியைப் பார்க்க வந்தார்கள். ஐயா யாரையும் போ என்று சொல்லமாட்டார். வந்தவர்களில் நரசம்மா என்று ஒரு கிழவி. அவள் கண் பட்டால் கறக்கிற மாடு உதைக்கும் என்று ஊரே சொல்லும். அவள் தாம்பாளத்துக்கு முன்னால் நின்று தெலுங்கில், "அப்பா, எந்த தெல்லகா உந்தி!" என்றாள். எவ்வளவு வெள்ளை என்று வாயைப் பிளந்தாள். நாலு தரம் சொன்னாள். மறுநாள் வந்த ஐஸ்பாளம் சாக்கைப் பிரித்ததும் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

பிறகு நான் என்ன செய்வேன்? நீங்கள் என்ன செய்வீர்கள்? குழந்தை அழகாக இருந்தால் கன்னத்தில் மை வைக்கிறோம். புதுவீடு கட்டினால் பூசணிக்காயில் முகம் வரைந்து தொங்கவிடுகிறோம். நான் சோற்றுப்பானையின் அடிக்கரியைத் துளி விளக்கெண்ணெயில் குழைத்து, மோதிர விரலால் தொட்டு, பனியின் மேல் ஒரு பொட்டு வைத்தேன். நடுவில் இல்லை, கன்னத்தில் வைப்பதுபோல் கொஞ்சம் ஓரமாக. ஐயாவுக்கு இதெல்லாம் பிடிக்காது என்று தெரியும். அதனால் மேலே ஒரு பிடி துருவலைத் தூவி மறைத்துவிட்டேன். மறைத்தால் திருஷ்டி கழியுமா என்று அப்போது யோசிக்கவில்லை. சனி, ஞாயிறு, திங்கள், மூன்று நாளும் புதிதாகச் சீவிப் பரப்பியதும் முதல் வேலை அந்தப் பொட்டுத்தான். எனக்கு ஒரே திருப்தி. பாளம் அப்புறம் பிளக்கவே இல்லை.

ஆனால் முள் இறங்க ஆரம்பித்தது. காலையில் சரியாக இருக்கும். வெயில் ஏற ஏற வெளிச்சம் குறைகிறது என்று காட்டும். தாம்பாளம் பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கிறது, முள் மட்டும் இல்லை என்கிறது. முதல் நாள் ஐயா தாடையைத் தடவினார். இரண்டாம் நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் உச்சிவேளையில் கொட்டகைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது.

"கண்ணாடி தொடெச்சியா? துண்டுலெ தொடெச்சியா? நிஜ சொல்லு!"

"இல்லீங்கய்யா. பஞ்சுலதான் ஒத்தனன். சாமி சத்தியமா."

"அப்புறம் யாக்கெ இப்படி? கீறல் விழுந்த கண்ணாடியெ வெச்சுக்கொண்டு நான் என்ன மாடுவது? அளவெல்லாம் இந்த வாரம் அனுப்பணும். மூணு நாளு கெட்டுது!"

"நான் கீறலீங்கய்யா."

"ஹோகு. போ. மனெக்குப் போ. உனக்கு இங்கெ வேலெ இல்லெ."

அவர் அப்படிப் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. திம்மராயன் வெளியே வந்து, முகத்தைக் கழுவினான், தகரப்பெட்டியை எடுத்து வைத்துத் துணியை மடிக்க ஆரம்பித்தான். நான் தாம்பாளத்தைக் கொட்டிவிட்டு வரலாம் என்று எழுந்தேன். முதல் இரண்டு நாளும் அதைப் பார்க்காமலே மாங்கன்றுக்கு அடியில் கவிழ்த்திருந்தேன். அன்று மனது சரியில்லாமல் நின்று பார்த்தேன். பொட்டு வைத்த இடத்தில் பனி லேசாகக் குழிந்திருந்தது. விரலால் மேல்துருவலை விலக்கினேன்.

உள்ளே ஒரு கிணறு! விரல் நுழைகிற அகலம், அடியில் கறுப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீர் நாலு பக்கமும் பனிக்குள்ளே ஊறி, மேலே வெள்ளை, ஒரு விரற்கடை கீழே சாம்பல். வெயில் மேல்துருவலைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கிக் கரியைச் சுட்டிருக்கிறது. கரி பனியைத் தின்றுகொண்டே இறங்கியிருக்கிறது. யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது கேளுங்கள், நான் செய்த பெரிய தப்பு பொட்டு வைத்ததில்லை. அந்தத் துருவலைத் திரும்பவும் மேலே தள்ளி மூடினேனே, அதுதான். மூடிவிட்டு உட்கார்ந்தேன். சொன்னால் என் வேலை போகும். வேலை போவதுகூடப் பெரிதில்லை, "மூடநம்பிக்கை பிடித்தவள்" என்று ஐயா நினைத்துவிடுவாரே, இனிமேல் ஜாதகம் பார்க்கிற மாதிரி என்று நான் சொன்னால் கையைத் தட்டிச் சிரிக்கமாட்டாரே. அதுதான் எனக்குப் பெரிய பயம். நாளையிலிருந்து பொட்டு வைக்காமல் விட்டால் முள் தானாக நேராகிவிடும், யாருக்கும் தெரியாது. இப்படியெல்லாம் புத்தி போகிறது.

திம்மராயன் பெட்டியோடு வந்து நின்றான். "வரன் மாதம்மா. கிருஷ்ணகிரி பஸ்ஸு வர்ற நேரம்."

"ஐயாகிட்ட இன்னோரு வாட்டி சொல்லிப் பாரேன்."

"என்னாத்த சொல்றது? வர்ற வெள்ளிக்கெழம பொண்ணு ஊட்டுக்காரங்க வராங்க. தோசம் இருந்தாலும் பரவால்ல, கவுருமெண்டு மாதிரி வேலையில இருக்கறானேன்னுதான் ஒத்துக்கினாங்க." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நீ கூட நான் கீறிட்டன்னுதான நெனைக்கிற?"

"இல்லடா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவன் கடலைக்காட்டு வரப்பில் இறங்கி நடந்தான்.

எனக்கு இரண்டு வழி. அவன் பின்னால் ஓடி விஷயத்தைச் சொல்லலாம், அவன் என்னை மன்னித்தாலும் மன்னிப்பான், நல்லவன். ஆனால் அவனுக்கு அதனால் என்ன ஆகும்? அவனை அனுப்பியது ஐயாதானே. இந்தப் பக்கம் தாம்பாளம் உருகிக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் போனால் கிணறும் இருக்காது, சாம்பலும் இருக்காது, வெறும் அழுக்குத் தண்ணீர், என் வாய்ச்சொல் மட்டும். ஐயா அளவை நம்புகிற மனிதர், வாய்ச்சொல்லை அல்ல. குடையை எடுத்து விரித்தேன், தாம்பாளத்தின் மேல் நட்டுவைத்தேன், கொட்டகை வாசலில் போய் நின்றேன்.

"ஐயா, கண்ணாடில கீறல் இல்ல. எங்கையில இருக்குது தப்பு. வந்து பாருங்க, உருகறதுக்குள்ள வாங்க."

வந்தார். மண்டிபோட்டு உட்கார்ந்தார். நான் துருவலை விலக்கிக் காட்டினேன். கரி என்றேன், நரசம்மா கண் என்றேன், மூன்று நாளும் என்றேன். அவர் ஒரு கரண்டியால் ஓரமாக வெட்டி எடுத்து, சாம்பல் படிந்த அடுக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து கொட்டகைக்குள் போய் நோட்டைக் கொண்டுவந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

"சூடு மாறலையே!"

"என்னாங்கய்யா?"

"மூணு நாளும் வெளிச்சம் எறங்கிச்சு. சூடு அங்கேயே நின்னுச்சு. கண்ணாடி கெட்டிருந்தா ரெண்டும் கெடணும் அல்லவா? ஒரே கண்ணாடி! பனியும் கரியும் சூட்டுக்கு ஒண்ணேதான், உருகற பனி சூடும் ஏறாது. கரி விழுந்தா வெளிச்சம் மட்டும்தான் கொறையும். இங்கெ எழுதி வெச்சிருக்கேன், என் கையாலெயே எழுதி வெச்சிருக்கேன், பாக்கலெ. அவன் மேலெ கத்தினேன்." நோட்டை என் கையில் திணித்தார். "அவன் எல்லி?"

நான் ரோட்டைக் காட்டினேன். பஸ் மேட்டில் திரும்புகிற சத்தம் கேட்டது.

ஐயா ஓடினார், ராணி. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடலைச்செடியையெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடினார். நான் நோட்டோடு பின்னால் ஓடினேன். பஸ் நின்றிருந்தது. திம்மராயன் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டான்.

"திம்மராயா! இறங்கு. தப்பு நந்து. என்னோட தப்பு. உன் கண்ணாடி சரியா இருக்குது."

திம்மராயன் இறங்கவில்லை. பஸ்ஸுக்குள் இருக்கிற அத்தனை பேரும் பார்க்கிறார்கள்.

"நானும் அதத்தான சொன்னன்" என்றான். "நீங்க கேக்கல."

"கேக்கலெ" என்றார் ஐயா. மூச்சு வாங்கியது. "இனிமேல கேக்கறேன்."

"ஏறுறியா எறங்குறியாய்யா? வண்டிய என்னா உங்க ஊட்டு வாசல்லியா நிறுத்தியிருக்கறன்?" என்று கண்டக்டர் கத்தினார். உள்ளேயிருந்து ஒரு அம்மாள், "பெரிய மனுசன் செருப்பக் கையில புடிச்சிக்கினு நிக்கறாரு, எறங்கேன்டா" என்றாள். திம்மராயன் என்னைப் பார்த்தான். நான் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும் கொட்டினேன். கரி, விளக்கெண்ணெய், மூடி வைத்தது, எல்லாம்.

"பனிக்கு யாராச்சும் மை வெப்பாங்களா?" என்றான்.

"அழகா இருந்திச்சே."

அவன் சிரித்துவிட்டான். பஸ்ஸில் பாதிப்பேர் சிரித்தார்கள். திம்மராயன் பெட்டியோடு இறங்கினான். ஆனால் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நியாயம்தானே. அவன் பெட்டி கட்டும்போது நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேனே, அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அது விலை. மறுநாள் காலையில் அவனாகவே, "பொட்டு வெச்சிட்டியா?" என்று கேட்டான், அதோடு தீர்ந்தது.

பெண் வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துப் போனார்கள், தை மாதம் கல்யாணம், நான்தான் பந்தியில் பச்சடி பரிமாறினேன். அது இருக்கட்டும்.

அன்று சாயங்காலம் ஐயா என்னைக் கூப்பிட்டார். கணக்கு முடித்து அனுப்பப்போகிறார் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். மேஜையில் நோட்டு விரித்திருந்தது. கெட்டுப்போன மூன்று நாள் அளவையும் அவர் கிழிக்கவில்லை. அப்படியே விட்டு, பக்கத்தில் என்ன நடந்தது என்று எழுதிக்கொண்டிருந்தார். நல்ல அளவைவிட இது பெரிய அளவு என்றார். செவ்வாய் முழுக்கச் செம்மண். காற்றடித்தால் அந்த மண் தொப்பிமேல் விழாதா, அதன்மேல் புதுப்பனி மூடாதா? அப்போது மேலே வெள்ளையாக இருந்தாலும் உள்ளே என்ன நடக்கும்? இதை அளக்க வேண்டும் என்று தனக்குத் தோன்றவே இல்லை என்றார். நாளையிலிருந்து கடலைக்காட்டுச் செம்மண்ணைச் சலித்து, நிறுத்து, தூவி, மூடி அளக்கப்போகிறோம்.

"யாருங்கய்யா தூவறது?"

"நீதான். வேற யாருக்கு அனுபவம் இதெ?"

பிறகு, "பொட்டு எவ்வளவு பெருசு? எந்த வெரல்?" என்று கேட்டார். மோதிர விரல் என்று காட்டினேன். அளவுகோலை வைத்துப் பார்த்தார், திருப்தியில்லை. மைக்கூட்டை என் பக்கம் நகர்த்தினார். "இதிலெ தொட்டு, அன்னைக்கு எப்படி வெச்சியோ அதே மாதிரி, இங்கெ வெய்யி. ரொம்ப அழுத்தாதெ. அன்னைக்கு எவ்வளவு அழுத்தினியோ அவ்வளவுதான்."

அதுவரை நான் காகிதத்தில் விரல் வைத்ததெல்லாம் கையெழுத்துப் போடத் தெரியாததால்தான். கூலி வாங்கும்போது, ரேஷன் வாங்கும்போது, கட்டைவிரலை நீட்டும்போதே தலை குனியும். இதற்கு மோதிர விரல். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி அந்தப் பனியை நினைத்துக்கொண்டு, மெதுவாக வைத்து எடுத்தேன். ஐயா குனிந்து ஊதி உலர்த்தினார். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் என்னவோ எழுதினார்.

"என்னா எழுதினீங்க?"

"பொட்டு. உண்மையான அளவு. வெச்சது மாதம்மா."

இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். படித்தார். திம்மராயன் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தான். அவனையும் படிக்கச்…

ஐயோ, தெருக்குழாயில் தண்ணி வந்துடுச்சு! சத்தம் கேக்குது பாரு. ராணி, அந்த ரெண்டு கொடத்த எடு. நீ கதவு திறந்த பொண்ணுதான, உம்பேரு என்னா? வா, நீயும் ஒண்ணு புடி, போகப் போகப் பேசிக்கலாம்.